புறக்கடையில் பெருவாத்துக் குஞ்சுகளைப் பேணும் முறை

கோழியும் தாராவும் வளர்த்துவரும் குடியானவர்களிற் சிலர், ஓரிரு ஜோடிப் பெருவாத்துகளையும் தங்கள் கொல்லையிலோ தோப்பிலோ விட்டு வளர்ப்பதுண்டு. வாத்து என்னும் சொல் பலவகை நீர்ப்பறவைகளுக்கும் பொதுவாய் வழங்குவதால், முதலில் அதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். அறுவடையான நெல் வயல்களில் மந்தை மந்தையாய் மேயும் சிறிய பறவை இங்கே தாரா எனக் குறிக்கப்படுகிறது. நீண்ட கழுத்தும் உரத்த குரலும் உடையதாய், சேற்றைத் துழாவுவதைவிடப் புல்லைக் கொறிப்பதையே பெரிதும் விரும்பும் பெரிய பறவையே பெருவாத்து.

வீடுகளில் வளர்க்கப்படும் பெருவாத்துகள் யாவும் இரண்டு காட்டினங்களிலிருந்து தோன்றியவை. ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழும் சாம்பல் நிறப் பெருவாத்து ஒன்று. கிழக்கு ஆசியாவின் அன்னக்கழுத்துப் பெருவாத்து மற்றொன்று. பின்னதன் வழிவந்த சீன ஜாதிக்கு அலகின் அடியில் புடைப்பு ஒன்று இருக்கும். தமிழ்நாட்டுத் தோப்புகளில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ அடிக்கடி காணப்படுவது இந்தச் சீன ஜாதியும் அதன் கலப்புமே. இந்தியாவில் அஸ்ஸாமிலும் காஷ்மீரத்திலும் இப்பறவையை வளர்க்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. காஷ்மீரத்து "ஆன்ஸ்" என்னும் இனம், நாட்டினமாக முறைப்படி பதிவு செய்யப்பட்டுள்ளது.

இதை வளர்ப்பவர்களில் முட்டையையோ இறைச்சியையோ பெரிதாகக் கருதுவோர் சிலரே. அயலார் காலடி வைத்தவுடன் ஊரையே எழுப்பும் காவலாளியாகவும், தென்னந்தோப்பில் புல்லை அடக்கிவைக்கும் கூலியில்லா வேலையாளாகவுமே இது பெரும்பாலும் மதிக்கப்படுகிறது. ஸ்காட்லாந்தில் டம்பார்ட்டன் என்னும் ஊரில் இருந்த விஸ்கிக் கிடங்குகளை 1959 முதல் 2012 வரை வெள்ளைச் சீனப் பெருவாத்துக் கூட்டம் ஒன்று காவல் புரிந்ததென்றால், இதன் செவிக்கூர்மையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை.

வளர்ந்த பெருவாத்து மிகவும் திடமான பறவை. நன்றாகப் பேணினால் இருபது ஆண்டுகள் வரையிலும் உயிரோடிருக்கும். ஆயினும், பொரித்த குஞ்சுகளில் பாதிகூடத் தேறுவதில்லை என்ற குறை பல வீடுகளில் கேட்கப்படுகிறது. இந்த நஷ்டத்தில் பெரும்பகுதி முதல் நான்கு வாரங்களில் நேருவது. பறவை இயல்பாகவே நோஞ்சான் என்று எண்ணுவது தவறு. கோழிக்குஞ்சிற்குச் செய்வதையே இதற்கும் செய்வதாலும், பலவகைப் பறவைகள் கூடிய முற்றத்தில் இதைக் காலத்திற்கு முன்னரே அவிழ்த்துவிடுவதாலும் குஞ்சுகள் மாண்டுபோகின்றன. முதல் மூன்று வாரங்கள் மற்றப் பறவைகளினின்றும் பிரித்து, ஆனால் அவற்றின் கண்ணிற்பட வைத்திருந்து, பிறகு சிறிது சிறிதாகக் கூட்டத்தில் சேர்ப்பதே இதற்குத் தக்க வழியாகும்.

அடை வைத்தல்

பெருவாத்து முட்டை பொரிக்க ஏறக்குறைய முப்பது நாட்கள் ஆகும். தாய்ப்பறவையே அடை காக்குமாயின் அதைவிடச் சிலாக்கியமானது வேறில்லை. அடைகாலத்தில் ஆண்பறவை அருகிலேயே நின்று காவல் புரியும். குஞ்சுகள் வெளிவந்த பின்னரும் தாயும் தந்தையும் முன்னும் பின்னுமாக அவற்றை நடத்திச் செல்லும். அவ்வாறு பெற்றோருடன் வளரும் குஞ்சுகளை நாயும் அஞ்சி ஒதுங்கும். அந்த வீட்டுக்காரர் இக்கட்டுரையில் பின்னர் கூறப்படும் ஏற்பாடுகளில் பாதியைச் செய்யாமலே விட்டுவிடலாம்.

ஆனால் சீன ஜாதியிற் சில பேடுகள் முட்டை மிகுதியாக இடுமேயன்றி அடையில் நிலைத்து அமர்வதில்லை. அப்போது அடைக்கோழியின் உதவியை நாடுவது வழக்கம். நல்ல உடற்கட்டுள்ள நாட்டுக்கோழிக்கு நான்கு அல்லது ஐந்து முட்டைகளுக்குமேல் வைக்கலாகாது. கோழியின் அடைகாலம் இருபத்தொரு நாட்களே. இங்கோ மேலும் ஒன்பது நாட்கள் அது பொறுமையுடன் அமர வேண்டும். ஆகையால் பல நாட்களாக அடையில் கிடந்து மெலிந்த கோழியை விட்டு, புதிதாக அடைக்கு வந்த கோழியையே தெரிந்தெடுக்க வேண்டும். தினமும் ஒரு முறையாவது அதை இறக்கி, இரையும் தண்ணீரும் காட்டுவது அவசியம். முட்டை பெரிதாகையால் கோழியால் அதைச் சரிவரப் புரட்ட இயலாது. முட்டையின் ஒரு பக்கத்தில் கரித்துண்டால் அடையாளமிட்டு, நாளைக்கு இரண்டு மூன்று தடவை கையினாலேயே திருப்பிவைக்க வேண்டும். கடைசி இரு வாரங்களில் வெதுவெதுப்பான நீரை முட்டைகளின்மேல் லேசாகத் தெளித்து வந்தால் ஓடு இறுகாமல் குஞ்சுகள் எளிதில் வெளிவரும். பொரிப்பதற்கு மூன்று நாட்களுக்குமுன் முட்டையைப் புரட்டுவதை நிறுத்திவிடலாம்.

கோழித்தாய் குஞ்சுகளை முதல் வாரம் நன்றாகவே காப்பாற்றும். இரண்டு வாரத்திற்குள் அவை அதன் சிறகுக்குள் அடங்காத அளவு வளர்ந்துவிடுவதால், இரவில் வெளியே துருத்திக்கொண்டு கிடந்து குளிரால் வாடும். தாய்க்கோழி இருக்கிறதே என்று அந்தச் சமயத்தில் அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

குஞ்சின் மனப்போக்கு

பொரித்த சில மணி நேரங்களுக்குள் தன் கண்ணெதிரே அசைந்து திரியும் உருவம் எதுவோ அதையே தாயாகக் கொண்டு பின்தொடர்வது பெருவாத்துக் குஞ்சின் இயல்பு. ஆஸ்திரிய நாட்டு விஞ்ஞானி கான்ராட் லாரன்ஸ் 1935-ல் இதை விரிவாக விளக்கினார். பறவை, விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக அவருக்கு 1973-ல் நோபல் பரிசும் கிடைத்தது. இந்த இயல்பு புறக்கடை வளர்ப்பவருக்குப் பெரிதும் சம்பந்தப்பட்டது. தனியாக ஒரே குஞ்சை வாங்கி வந்து குழந்தைகள் மடியில் வைத்து வளர்ப்பார்களாயின், அது மனிதரையே இனமாகக் கருதிக் கதறிக்கொண்டு வீட்டிற்குள் ஓடிவரும். பிற பெருவாத்துகளுடன் சேராது. ஆண் குஞ்சாயிருந்தால் இன்னும் தொல்லை. வளர்ந்தபின் மனிதரிடம் அச்சமற்றுப்போய், இனப்பெருக்க காலத்தில் வீட்டாரையும் வருவோரையும் கடித்துச் சிறகால் அறையத் தலைப்படும். ஆகையால் மூன்று குஞ்சுகளுக்குக் குறைவாக வளர்ப்பது எவ்விதத்திலும் நன்றன்று. ஒரே வயதுள்ள மூன்று குஞ்சுகள் ஒன்றையொன்று சார்ந்து அமைதியாக வளரும்.

உறைவிடமும் உஷ்ணமும்

தாயில்லாக் குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் ஏறக்குறைய 32 டிகிரி சென்டிகிரேடு, அதாவது 90 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணம் தேவை. பின்னர் வாரத்திற்கு மூன்று டிகிரி சென்டிகிரேடு வீதம் குறைத்து வரலாம். தமிழ்நாட்டுச் சமவெளியில் கோடைப் பகலில் வெளியுஷ்ணமே இதற்கு மேற்படுகிறது. ஆகவே அப்போது விளக்கு இரவில் மட்டும் வேண்டும். பகலில் நிழலும் காற்றும் குளிர்ந்த தண்ணீருமே முக்கியம். குளிரால் மடிவதைப்போலவே வெக்கையாலும் குஞ்சுகள் மடியும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். உஷ்ணமானி இல்லாவிடினும் குஞ்சுகளே உண்மையைச் சொல்லிவிடும். விளக்கின் கீழ் ஒன்றின்மேல் ஒன்றாய் ஏறிக் கீச்சிட்டால் குளிர் என்றும், விளக்கை விட்டு மூலையில் ஒதுங்கி அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் உஷ்ணம் மிகுதி என்றும், பரவலாய்ப் படுத்துத் தூங்கினால் அளவு சரியென்றும் அறியலாம்.

இப்போது எங்கும் பரவியுள்ள எல்.இ.டி. விளக்கு ஒளி தருமேயன்றிக் குஞ்சிற்குப் போதிய வெப்பம் தராது. இழையுள்ள பழைய மாதிரி பல்பையோ, குஞ்சு பேணுவதற்கென விற்கும் வெப்ப விளக்கையோதான் உபயோகிக்க வேண்டும். அதைக் கம்பியால் உறுதியாகக் கட்டித் தொங்கவிடாமல் கயிற்றால் கட்டி, அது அறுந்து வைக்கோலில் விழுந்து தீப்பிடிப்பதும் உண்டு. ஓலைக் கொட்டகைகளில் இதில் தனி ஜாக்கிரதை வேண்டும்.

குஞ்சு ஒன்றுக்கு முதல் வாரம் அரை சதுர அடி இடம் போதும். மூன்றாம் வார முடிவில் இரண்டு சதுர அடிக்குக் குறையலாகாது. தரையில் செய்தித்தாளை விரிப்பது கூடாது. அதன் வழவழப்பில் கால்கள் இருபுறமும் சறுக்கி விரிந்து, நிரந்தர ஊனம் உண்டாகும். முதல் சில நாட்கள் சுத்தமான கோணிச் சாக்கும், பின்னர் நறுக்கிய உலர்ந்த வைக்கோலும் ஏற்றவை. மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோலை ஒருபோதும் பரப்பலாகாது. அப்பூஞ்சணத்தின் தூள் சுவாசப்பைகளில் புகுந்து வேரூன்றினால் குஞ்சுகள் இளைத்து இளைத்து மாளும். அதற்கு மருந்து செய்து பயனில்லை.

கோழிக்குஞ்சுகளையும் பெருவாத்துக் குஞ்சுகளையும் ஒரே பஞ்சாரத்தில் கவிழ்த்து வளர்க்க முயல்வோர் உண்டு. பெருவாத்துக் குஞ்சு தண்ணீரில் தலையை முக்கி எங்கும் இறைக்கும். அந்த ஈரத்தில் கோழிக்குஞ்சுகள் விறைத்து இறக்கும். மேலும் மூன்று வாரத்தில் பெருவாத்துக் குஞ்சு கோழிக்குஞ்சைப்போலப் பல மடங்கு பருத்துவிடுவதால், கால் பட்டே சிறியவை நசுங்கும். தாராக்குஞ்சுகளுடன் வளர்ப்பது அவ்வளவு கெடுதியன்று. எனினும் இரைத்தட்டுகள் தனித்தனியே இருக்க வேண்டும்.

தண்ணீர்

நீர்ப்பறவை என்பதற்காகக் குஞ்சைப் பிறந்த அன்றே குட்டையில் விடுவது பெருந்தவறு. தாயுடன் நீந்தும் குஞ்சு நனைந்தவுடன் அதன் சிறகடியில் புகுந்து உலர்ந்துகொள்ளும். தாயற்ற குஞ்சிற்கு அந்த வசதி இல்லை. அதன் மெல்லிய தூவி ஊறிப்போனால் சிறிது நேரத்தில் உடல் குளிர்ந்து துவண்டுவிடும். கரை செங்குத்தான தொட்டியில் விழுந்து, ஏற வழியின்றி நீந்தி நீந்திக் களைத்து மூழ்குவதும் உண்டு. நீர்ப்பறவை நீரில் மூழ்கி இறந்தது என்றால் நம்புவதற்கு அரிதாகத் தோன்றும். ஆயினும் கிணற்றடித் தொட்டிகளில் இது நேர்கிறது. மூன்று அல்லது நான்கு வாரத்திற்குப்பின், வெயில் உள்ள வேளையில், சரிவான கரையுள்ள ஆழமற்ற நீரில் சிறிது நேரம் விடலாம்.

குடிநீர்ப் பாத்திரம் வேறு விஷயம். குஞ்சு தன் அலகையும் மூக்குத் துளைகளையும் முழுதும் அமிழ்த்திக் கழுவிக்கொள்ளும் அளவு நீர் அதில் இருந்தாக வேண்டும். இல்லாவிடில் இரைத்தூள் மூக்கில் அடைத்துக் கண்கள் பீளை கட்டும். வாயகன்ற மண்சட்டியில் நடுவே கூழாங்கற்களை நிரப்பி ஓரத்தில் மட்டும் நீர் தங்கும்படி செய்தால், தலையை முக்கலாம், உள்ளே இறங்க முடியாது. இரை இருக்கும் வேளையில் தண்ணீர் இல்லாதிருக்கக் கூடாது. உலர்ந்த மாவை விழுங்கித் தொண்டையில் சிக்கி மாளும் குஞ்சுகள் பல. சட்டியை நாளைக்கு இருமுறை கழுவுவதும், சுற்றிலும் நனைந்த வைக்கோலை அன்றன்றே அகற்றுவதும் சிறிய வேலைகளாகத் தோன்றினும் குஞ்சின் உயிர் இவற்றைப் பொறுத்தே இருக்கிறது.

ஆகாரம்

முதல் மூன்று வாரங்களுக்கு நூற்றுக்கு இருபது முதல் இருபத்திரண்டு பங்கு புரதமுள்ள ஆகாரமும், அதன்பின் பதினைந்து அல்லது பதினாறு பங்கு புரதமுள்ளதும் போதுமானவை. அரிசிக் குருணை, உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு, தவிடு, உப்பிடாத உலர்ந்த மீன் தூள் ஆகியவற்றைக் கலந்து, லேசாக ஈரப்படுத்தித் தரலாம். ஈரப்படுத்தியதை அந்த வேளைக்குமேல் வைத்திருக்கலாகாது. வெயிலில் இரண்டு மணி நேரத்தில் அது புளித்துவிடும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் உப்புக் கருவாடு குஞ்சுகளுக்கு விஷத்திற்குச் சமானம்.

கோழிக்குஞ்சுத் தீவனத்தை மட்டுமே கொடுத்து வளர்க்கும் இடங்களில் ஒரு குறை அடிக்கடி தோன்றுகிறது. நியாசின் என்னும் உயிர்ச்சத்து, கோழிக்குஞ்சிற்கு வேண்டியதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு பெருவாத்துக் குஞ்சிற்கு வேண்டும். அது போதாவிடில் கணுக்கால் மூட்டுகள் வீங்கி, கால்கள் வில்லாக வளைந்து, குஞ்சு எழுந்து நடக்கமாட்டாமல் உட்கார்ந்துவிடும். தானியங்களிலுள்ள நியாசினில் பெரும்பகுதி குஞ்சின் உடலுக்குச் சேராத நிலையில் இருப்பதால், வெறும் குருணையும் சோளமும் கொடுத்து வந்தாலும் இதே கதிதான். பியர் வடிக்கும் ஆலைகளில் கிடைக்கும் உலர்ந்த ஈஸ்டையோ, கால்நடை மருத்துவர் குறிக்கும் பி-உயிர்ச்சத்துக் கலவையையோ ஆகாரத்தில் சேர்த்தால் ஆரம்ப நிலையில் குணம் காணலாம். கால் முற்றும் கோணிய பின்னர் திருத்துவது அரிது. கோழிகளின் இரத்தக் கழிச்சலைத் தடுக்க மருந்து கலந்து விற்கும் தீவனத்தையும் தவிர்ப்பதே நல்லது. அம்மருந்தின் அளவு கோழியின் உடலையும் அது தின்னும் அளவையும் கணக்கிட்டுக் கலக்கப்பட்டது. பெருவாத்துக் குஞ்சோ அதைவிட மிகுதியாகத் தின்னும்.

எல்லாவற்றினும் கொடியது கடலைப் பிண்ணாக்கில் மறைந்துள்ள அபாயம். 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் சில மாதங்களுக்குள் மடிந்தன, தாராக்குஞ்சுகளும் இறந்தன. ஆராய்ந்து பார்த்ததில், பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்திருந்த ஒருவகைப் பூஞ்சணம் நஞ்சை உண்டாக்கியிருந்தது தெரிய வந்தது. அஃப்ளாடாக்ஸின் என்று பெயரிடப்பட்ட அந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வளர்ந்த கோழி தாங்கிக்கொள்ளும் அளவே தாராக்குஞ்சையும் பெருவாத்துக் குஞ்சையும் கொன்றுவிடப் போதுமானது. கடலை விளையும் ஜில்லாக்களில் பசுவிற்கு வாங்கிய பிண்ணாக்கில் ஒரு துண்டை உடைத்துக் குஞ்சிற்கும் போடுவது இயல்பாகிவிட்டது. மழைக்காலத்தில் ஈரத்தரையில் அடுக்கிய மூட்டையிலிருந்து எடுத்ததாயின் அது பெரும் கேடாய் முடியலாம். பூஞ்சணத்தைச் சுரண்டி எறிவதாலோ, பிண்ணாக்கை வேகவைப்பதாலோ அந்நஞ்சு நீங்குவதில்லை. வெளிப்பார்வைக்குச் சுத்தமாகத் தோன்றும் துண்டிலும் அது இருக்கக்கூடும். முதல் இரு மாதங்களில் குஞ்சுகளுக்குக் கடலைப் பிண்ணாக்கை அறவே விலக்குவதே அறிவுடைமை. மக்காச்சோளத்திலும் இந்நஞ்சு தோன்றுமாதலால், மணிகள் நன்றாக உலர்ந்தவையா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

பெருவாத்தின் உண்மையான ஆகாரம் புல்லே. பொரித்த மூன்றாம் நாளிலிருந்தே குஞ்சுகள் தளிர்ப்புல்லைக் கொறிக்கத் தொடங்கும். இளம் அறுகம்புல், குதிரைமசால், கீரைத் தழை ஆகியவற்றைப் பொடியாக நறுக்கிக் கொடுக்கலாம். முற்றிய நீண்ட புல் இரைப்பையில் திரண்டு அடைத்துக்கொள்ளும். புல் கொடுக்கும் நாளிலிருந்து பருமணலும் சிறு கற்களும் ஒரு சட்டியில் வைப்பது அவசியம். பற்களில்லாத பறவைக்கு அவையே அரைக்கும் கல். நான்கு வாரத்திற்குமேல் நல்ல மேய்ச்சல் உள்ள இடத்தில் தானியத்தைப் பெருமளவு குறைத்துவிடலாம். புரதம் மிகுந்த தீவனத்தை அப்போதும் தொடர்ந்து கொடுத்தால், இறகுகள் விரைந்து வளர்ந்து அவற்றின் பாரத்தால் சிறகின் நுனி வெளிப்புறமாகத் திரும்பித் தொங்கும். முதலில் கண்டபோதே சிறகை இயல்பாக மடித்து, மெல்லிய துணிப்பட்டையால் மூன்று நான்கு நாட்கள் கட்டிவைத்து, தீவனத்தையும் மாற்றினால் சரியாகிவிடும். வளர்ந்த பறவையில் அது மாறாது.

மேய்ச்சலைப் பற்றி மேலும் ஒன்று. பூச்சிமருந்து தெளித்த வயலின் வரப்பிலும், களைக்கொல்லி தெளித்த தோப்பிலும் குஞ்சுகளை விடலாகாது. மருந்து உறையில் குறிப்பிட்டுள்ள காலம் கழியும் வரை அடுத்தவர் வயல் வரப்பையும் விலக்க வேண்டும். தெளிப்பவர்கள் முன்னாளே அண்டை வீட்டாருக்குத் தெரிவிக்கும்படி கிராமத்தில் வழக்கம் ஏற்படுத்திவிட்டால் பெருவாத்து மட்டுமன்றி ஆடு மாடுகளும் தப்பும். ஆணி, கம்பித் துண்டு, பிளாஸ்டிக் நூல் போன்றவற்றையும் இப்பறவை ஆவலுடன் விழுங்கும். கொட்டகை வேய்ந்தபின் தரையைப் பெருக்காத வீட்டில் குஞ்சு காரணமின்றி இளைத்தால் அங்கேதான் காரணத்தைத் தேட வேண்டும்.

கூட்டத்தில் சேர்த்தல்

சொந்த வீட்டில் பொரித்த குஞ்சுகளுக்கு முற்றத்தின் ஒரு பக்கத்தில் மூங்கில் படலாலோ, ஓர் அங்குலத்திற்கு மிகாத கண்ணுள்ள கம்பி வலையாலோ அடைப்பு அமைத்து, மேலேயும் வலை மூட வேண்டும். கோழிகளும் தாராக்களும் பெரிய பெருவாத்துகளும் வெளியே திரிய, குஞ்சுகள் உள்ளிருந்தே அவற்றைக் கண்டும் அவற்றாற் காணப்பட்டும் பழகும். மூன்று வாரம் இவ்வாறு கழிந்தபின் அந்தக் குஞ்சுகள் பழைய பறவைகளுக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை. நான்காவது வாரம் முதல், மாலையில் ஆள் அருகிலிருக்க ஒரு மணி நேரம் வெளியே விட்டுப் பார்க்கலாம். முதன்முதல் விடும்போது எல்லாப் பறவைகளும் வயிறு நிரம்பியிருப்பது நல்லது. பசித்த கூட்டத்தின் நடுவே இரைத்தட்டருகில் புதியவற்றை விடுவது சண்டைக்கு வழிகோலும். இரைத்தட்டும் நீர்ச்சட்டியும் இரண்டு மூன்று இடங்களில் பிரித்து வைக்க வேண்டும்.

சேவல்கள் ஓரிரு முறை கொத்திப் பார்த்து விட்டுவிடும். தாராக் கடாக்கள் அவற்றைவிடத் தொல்லை தருவன. வளர்ந்த ஆண் பெருவாத்தின் போக்கு ஒரே விதமாக இராது. சில, தம்முடையதல்லாத குஞ்சுகளையும் தத்தெடுத்துக்கொண்டு தாயைப்போல் காக்கும். அவ்வாறு ஒன்று கிடைத்துவிட்டால் குஞ்சுகளை அதனிடம் ஒப்புவித்துவிடலாம். அதற்கு மேலான காவலாளி இல்லை. வேறு சில, இனப்பெருக்க காலத்தில் குஞ்சின் கழுத்தைக் கவ்வித் தூக்கி எறியும். வலைக்கு வெளியே நின்று குஞ்சுகளை நோக்கிக் கழுத்தைத் தரையோடு தாழ்த்திச் சீறும் ஆண்பறவையை நம்பலாகாது. வலையருகே படுத்து மெதுவாகக் கூவும் பறவையை நம்பலாம். இந்த வேற்றுமையைக் கவனித்தறிய மூன்று வாரம் தாராளமாகப் போதும். பிரித்து வைப்பதன் மற்றொரு பயன் இதுவே.

சந்தையிலோ வியாபாரியிடமோ வாங்கிய குஞ்சுகளின் விஷயம் வேறு. அவற்றை வந்தவுடனே முற்றத்து வலைக்குள் வைப்பது நோயைக் காசு கொடுத்து வாங்குவதற்கு ஒப்பாகும். குறைந்தது மூன்று வாரம், வீட்டுப் பறவைகளிலிருந்து தூரமான இடத்தில் வைத்து, அவற்றிற்கெனத் தனிச் சட்டியும், கவனிப்பவருக்குத் தனிச் செருப்பும் ஏற்படுத்தி, நோயேதும் இல்லையென்று தெளிந்த பின்னரே வலையருகே கொண்டுவர வேண்டும். வீட்டுப் பறவைகளுக்கு முதலில் இரையிட்டு, புதியவற்றிற்குப் பின்னர் இடுவதே முறை.

கொல்லைப் பகைகள் பல. காகமும் பருந்தும் கீரியும் பகலில் கவரும். பூனை, மரநாய், பெருச்சாளி ஆகியன இரவில் வரும். பெருவாத்து இருக்கும் வீட்டில் பாம்பு அண்டாது என்று பலர் நம்புகின்றனர். வளர்ந்த பறவை பாம்பைக் கண்டால் உரக்கக் கத்தி வீட்டாரை எச்சரிப்பது மெய்யே. ஆனால் குஞ்சுகள் உள்ள கூண்டிற்குள் சாரையும் நாகமும் குஞ்சைத் தேடியே நுழையும். படலின் அடியில் ஒரு சாண் ஆழத்திற்கு வலையைப் புதைத்துவைப்பதும், கூண்டைச் சுற்றி விறகையும் ஓலையையும் குவிக்காதிருப்பதுமே இதற்குத் தக்க காப்பு. இறகுகள் நிரம்பி உடல் திரளும்வரை, அதாவது ஏறக்குறைய எட்டு அல்லது ஒன்பது வாரம் வரையிலும், பகலில் கூட்டத்துடன் மேய்ந்தாலும் இரவில் தனிக் கூண்டில் அடைப்பதே பத்திரம்.

நோயும் கிராம அதிகாரிகளின் கடமையும்

மேய்ச்சல் தாரா மந்தைகள் ஊர் ஊராகச் செல்லும் நெல் ஜில்லாக்களில், அம்மந்தைகள் இறங்கும் வாய்க்காலிலேயே வீட்டுப் பெருவாத்துகளையும் விடுவது வழக்கமாயிருக்கிறது. தாரா கொள்ளைநோய் என்னும் வியாதி பெருவாத்தையும் தாக்கும். அதன் கிருமி நீர்வழியே பரவும். மந்தை வந்துள்ள நாட்களில் குஞ்சுகளை வாய்க்காலில் விடாமல் வீட்டுத் தண்ணீரிலேயே வைத்திருப்பது பெரும் பாதுகாப்பாகும். தடுப்பூசி போடும் வயதையும் முறையையும் கால்நடை மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும்.

பறவைக் காய்ச்சல் அதனினும் பெரியது. இப்போது உலகெங்கும் பரவியுள்ள எச்5என்1 வகையின் மூலக் கிருமி, 1996-ல் சீன தேசத்துக் குவாங்டாங் மாகாணத்தில் பெருவாத்திலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. இந்தியாவில் முதன்முதலாக 2006-ல் மகாராஷ்டிரத்து நவாப்பூரில் கோழிகளிடையே அது காணப்பட்டது. 2014-ல் கேரளத்தில் தாரா மந்தைகளைத் தாக்கிப் பெரு நஷ்டம் விளைவித்தது. நீர்ப்பறவைகள் சில சமயம் வெளிக்குறி ஒன்றும் காட்டாமலே கிருமியைச் சுமந்து திரிந்து கோழிகளுக்குப் பரப்பும். கோழியும் நீர்ப்பறவையும் கலந்து வாழும் முற்றங்களில் கவனம் மிகுதியாக வேண்டுவது இதனாலேயே. ஓரிரு நாட்களுக்குள் பல பறவைகள் திடீரென்று இறப்பதும், தலை வீங்குவதும், கழுத்து முறுக்கிக்கொண்டு தள்ளாடுவதும் சந்தேகத்திற்கு இடமானவை. அவ்விதப் பறவையை அறுத்து உண்பதும், அயலூருக்கு மலிவாக விற்றுவிடுவதும், வாய்க்காலில் எறிவதும் முற்றும் தகாதன. குழந்தைகளை அருகே விடக்கூடாது. இறந்தவற்றை வெறுங்கையால் தொடலாகாது.

விலங்குகளின் தொற்றுநோய்களைத் தடுப்பதற்காக 2009-ல் இயற்றப்பட்ட மத்திய சட்டத்தின்படி, பட்டியலிற் கண்ட நோய் தன் பறவைகளுக்கு வந்திருப்பதாக நினைக்கக் காரணமுள்ள உரிமையாளர் அதைக் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்திற்கோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர். கொடிய பறவைக் காய்ச்சல் அப்பட்டியலில் அடங்கியுள்ளது. தகவல் பெற்ற கிராம அதிகாரி அதை அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். எழுதும்போது எந்தத் தெருவில் எவ்வகைப் பறவைகள் எத்தனை, அவற்றுள் எத்தனை இறந்தன, முதல் இறப்பு எந்நாளில், அண்மையில் வெளியூர்ப் பறவை எதுவும் வாங்கப்பட்டதா, தாரா மந்தை எதுவும் ஊரில் தங்கியதா என்னும் விவரங்களைச் சேர்த்து எழுதினால், மருத்துவர் வந்து பரிசோதனைக்கு மாதிரி எடுப்பதற்குள் வீணாகும் நேரம் பெரிதும் குறையும். மருத்துவர் வந்து சொல்லும்வரை மீந்த பறவைகளை அடைத்துவைத்து, அந்த முற்றத்திற்கு வெளியாட்கள் போகாமல் தடுக்க வேண்டும். புதைக்கச் சொன்னால், கிணற்றிற்கும் வாய்க்காலுக்கும் எட்டாத மேட்டு நிலத்தில் ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி மூட வேண்டும்.